வெயில் படாத எலும்பு

“ஹலோ... ஆமா, நான்தான்... ஆமா ஆமா, மகாராணிதான் பேசுறேன். ஏன் இப்படிக் கத்துற? காதெல்லாம் எனக்கு நல்லாத்தான் இருக்கு... என்னது? ஜீப்புல ஆளில்லையா? எப்படிய்யா இருக்கும்? அம்புட்டுப் பேரும் இங்கல்ல இருக்காக!”

போடி அரசு ஆஸ்பத்திரியில், எலும்பு டாக்டரின் அறைக்கு எதிரே போட்டிருந்த இரும்பு பெஞ்சில் உட்கார்ந்து மகாராணி பேசினாள். மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. ஆறே முக்காலிலிருந்து அந்தப் போன் அவளுடைய ஒயர் கூடைக்குள் கிடந்து, விட்டு விட்டு அலறிக்கொண்டே இருந்தது. கூப்பிடுவது யாரென்று அவளுக்குத் தெரியும். புருஷனோடு கூடப்பிறந்த தம்பி ஈஸ்வரன். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் இருக்கும் ஏலக்காய் எஸ்டேட்டுக்கு நாள்தோறும் ஜீப்பில் பெண்களை ஏற்றிப்போகும் கங்காணி. இன்றைக்கு அவனுடைய ஜீப் காலியாக நின்றது. ஏற வேண்டிய எட்டுப் பெண்களும் மகாராணியைச் சுற்றி, ஆளுக்கொரு சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“எந்த ஆஸ்பத்திரியா? பெரியாஸ்பத்திரிதான்... யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆகிறக் கூடாதுன்னுதான் கூட்டியாந்தேன்... இரு, இரு, என்னையப் பேசவிடு. நேத்தே சொன்னேனா இல்லையா? ஒன் வீட்டு வாசல்ல வந்து நின்னு சொன்னேன். ஒரு நா விடுப்பா, டாக்டரம்மாகிட்ட காட்டிட்டு வந்துரட்டும்னு கேட்டேன். நீ என்ன சொன்ன?... மறந்துபோச்சா? எனக்கு மறக்கல. ‘ஒனக்குப் பிடிச்ச நோக்காடு ஊருக்கெல்லாம் பிடிக்கணுமா’ன்னு கேட்ட... கேட்டியா இல்லையா?... ம். அப்பச் சரி.”

அவன் அப்படிக் கேட்பது மகாராணிக்குப் புதிதல்ல. இருபத்திரண்டு வருஷம் மலையில் காய் எடுத்தவள் அவள். ஏலச்செடி தலையில் காய்ப்பதில்லை. தூரில், மண்ணை ஒட்டிப் படர்ந்திருக்கும் சரத்தில்தான் காய் இருக்கும். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை குந்தியபடியே நகர்ந்து நகர்ந்து எடுக்க வேண்டும். போன ஐப்பசியில் ஒருநாள் குந்தியவளால் எழுந்திரிக்க முடியவில்லை. செடியைப் பிடித்துத் தொங்கித்தான் எழுந்தாள். தொடையிலும் இடுப்பிலும், சதைக்கு உள்ளே, எங்கேயென்று விரலை வைத்துக் காட்ட முடியாத வலி. நடந்தால் உடம்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தது.

“வாத்து வருது, வழி விடுங்க” என்று முதலில் சொன்னவன் ஈஸ்வரன்தான். ஜீப்பே சிரித்தது. மருந்துக்கடைக்காரர் தேய்மானம் என்றார். எதிர்வீட்டுக்காரி வாயு என்றாள். எண்ணெய் போட்டு நீவிவிட்டவர் கை பட்டதும் வலி இரண்டு மடங்கானது. கடைசியில் ஈஸ்வரன், “மதினிக்கு மேலு வலிக்கல, சோலி பார்க்க வலிக்குது, நடிக்குது” என்று சொல்லி அவளை ஜீப்பிலிருந்து நிறுத்திவிட்டான். அவள் புருஷன் மலைச்சாமி எதிர்த்துப் பேசவில்லை. தம்பி சொன்னதை அரை மனதாக அவனும் நம்பிவிட்டான். அதை மட்டும் அவளால் இன்றுவரை ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

“நடிக்கிறேன்னு சொன்னேல்ல? எக்ஸ்ரே நடிக்குமா ஈஸ்வரா?... ரெண்டு தொடை எலும்புலயும் விரிசல். இடுப்புல போய்ச் சேருதுல்ல, அந்த எடத்துல... ஆமா, ரெண்டுலயும்... எங்கயும் விழுகலய்யா. விழுகாமயே விட்டிருக்கு. அந்த விரிசலோடதான் ஒன் எஸ்டேட்டு மேட்டுல ஏறி எறங்கிக்கிட்டு இருந்தேன்.”

மாசி மாதம் புதிதாக வந்த டாக்டரம்மா அவளை மாத்திரை எழுதி அனுப்பிவிடவில்லை. “குந்தி எந்திரிங்க பாப்போம்” என்றாள். மகாராணி குந்தினாள், எழ முடியவில்லை. கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். மகாராணி ஐயோவென்று கத்திவிட்டாள். “உடம்புல வெயில் படுமா?” என்று டாக்டரம்மா கேட்டபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“பகல் பூராவும் வெளியிலதான் டாக்டரம்மா கெடக்கேன்.”

“வெளியில, சரி. வெயில்லயா, நிழல்லயா?”

மர நிழல் இல்லாமல் ஏலத்தோட்டம் ஏது? உச்சிப் பொழுதில்கூட வெயில் தரைக்கு வரும்போது பொட்டுப் பொட்டாகத்தான் விழும். அதுவும் அட்டைக்கும் மழைக்கும் பயந்து முழுக்கைச் சட்டை, தலையைச் சுற்றித் துணி, அதற்கு மேலே பிளாஸ்டிக் தாள். பொழுது கிளம்புமுன் ஜீப் ஏறி, பொழுது விழுந்தபின் வீடு. இருபத்திரண்டு வருஷம் வெளியிலேயே கிடந்தவள், வெயிலையே பார்க்காமல் இருந்திருக்கிறாள்.

“அதெல்லாம் ஒனக்குப் புரியாதுன்னு விட்டுற மாட்டேன், சொல்றேன் கேளு... வெயில் ஒடம்புல பட்டாத்தான் வைட்டமின் டி ஊறுமாம். அது இல்லேன்னா பாலக் குடி, கேப்பையத் தின்னு, சுண்ணாம்புச் சத்து எலும்புல போய் ஒட்டாது... ஒங்கண்ணன் கொத்தனாருதானே, அவருகிட்டக் கேளு. பூச்சு பூசிட்டுத் தண்ணி தெளிக்காமப் போட்டா என்னாகும்? பாக்குறதுக்குச் சொவரு மாதிரித்தான் இருக்கும். நகத்த வச்சாப் பொலபொலன்னு உதிருமா, உதிராதா?... அம்புட்டுத்தான். எலும்பு இருக்கு, எறுகல... வாரத்துக்கு ஒரு பொடி, பாலுல கலந்து. தெனம் சுண்ணாம்புச் சத்து மாத்திரை. மூணு மாசம் கம்பு ஊனி நடந்தேன். இன்னைக்கு இந்த ஆஸ்பத்திரிப் படியில கம்பியப் பிடிக்காம ஏறி வந்தேன் தெரியுமா?... சிரிக்காத. வாத்து படியேறுச்சு, ஆமா.”

நடை நேரானபிறகுதான் மகாராணி மற்றவர்களின் நடையைக் கவனிக்க ஆரம்பித்தாள். சாயங்காலம் ஜீப் வந்து நிற்கும்போது டீக்கடை ஓரமாக நின்று பார்ப்பாள். சுருளியம்மாள் ஒவ்வொரு காலாகத் தரையைத் தேடி இறங்குவாள். பானுப்பிரியா இரண்டு கையையும் தொடையில் ஊன்றித்தான் எழுவாள். பானுப்பிரியாவுக்கு வயது இருபத்தாறு. பிறந்த ஊர் குரங்கணி. ஒன்பது மாதக் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பவள். ஒருநாள் அவள் இறங்கி இரண்டு எட்டு வைத்ததை மகாராணி பார்த்தாள். உடம்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தது. அன்றைக்கே வீடு வீடாகப் போய்ப் பேச ஆரம்பித்தாள். நாலு நாள் பேசினாள்.

“சுருளியம்மா ஆத்தாவா? இந்தா, எலும்புக்கூடு படத்துக்குக் கீழதான் நிக்கிது... சொவத்துல மாட்டிருக்காகய்யா, மனுசன் எலும்பு அம்புட்டையும் வரைஞ்சு. அதுல எங்க முட்டி, எங்க முட்டின்னு தன் காலத் தடவிப் பாத்துக்கிட்டு இருக்கு... அதுக்கு எனக்கு வந்தது இல்ல. அதுக்கு நெசமாவே தேய்மானம். ரெண்டு எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி ஒண்ணு இருக்குமாம்ல, அது தேஞ்சுபோச்சு. இனிமே குந்தக் கூடாதுன்னுட்டாக, ஆத்தாவுக்கு ஸ்டோர்ல உக்காந்து காய் தரம் பிரிக்கிற சோலியக் குடு... நான் யாரு, முடிவு பண்ணவா? முட்டி முடிவு பண்ணிருச்சுய்யா! எல்லா வலியும் ஒரே வலி இல்ல. நீயும் ஒங்க மானேஜர் சேட்டனும் எல்லாத்துக்கும் ஒரே தைலத்தத் தூக்கிக் குடுக்குறீக.”

எதிர்முனையில் சத்தம் கூடியது. மகாராணி போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தாள். பக்கத்தில் இருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஓணம் முடிந்து இரண்டாவது சுற்றாகக் காய் எடுக்கும் நேரம் அது. நாள் தள்ளினால் செடியிலேயே பழுத்து வெடிக்கும், அணிலும் எலியும் தின்னும். ஜீப்பில் இடம் போனால் இன்னொரு கங்காணியைத் தேடிப் பிடிப்பது லேசில்லை. எல்லாம் அவர்களுக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

“முடிச்சிட்டியா?... ஆ, சொல்லு... கம்பத்துலேர்ந்து ஆளு கொண்டாரப் போறியா? கொண்டா! தாராளமாக் கொண்டா. அவுகளுக்கு மட்டும் எலும்பென்ன இரும்புலயா செஞ்சிருக்கு? ரெண்டு வருசம் கழிச்சு அவுகளும் இதே பெஞ்சுல வந்து உக்காருவாக... நான் யாரா? ஜீப்புல எடமில்லாதவ. அதுனாலதான் பேசுறேன். என்கிட்டேர்ந்து பிடுங்குறதுக்கு ஒன்கிட்ட இனி என்ன இருக்கு?”

சுருளியம்மாள் படத்தை விட்டுத் திரும்பி, “அப்படிக் கேளுடி” என்றாள்.

“மரத்த வெட்டச் சொல்றேனா? நான் எங்க அப்படிச் சொன்னேன்? நெழல் இல்லேன்னா ஏலம் ஏது, எனக்குத் தெரியாதா? மத்தியானம் ஊணு நேரத்துல, செடிக்குள்ள உக்காரவச்சுத் திங்க விடாம, ஸ்டோருக்கு முன்னாடி வெட்டவெளியா எடம் கெடக்குல்ல, அங்க அனுப்பு. அரைமணி நேரம். சட்டைக் கைய மடிச்சுவிட்டுத் தலைத்துணிய அவுத்துட்டு உக்காரட்டும்... மழைக் காலத்துல வெயிலுக்கு எங்க போறதா? அதுக்குத்தான் பொடியும் மாத்திரையும் குடுக்குறாக. அத வாங்க ஒரு நா லீவுதான் கேட்டோம். அதுக்குத்தான் நீ குதிக்கிற... யாரு? கற்பகமா?”

மகாராணி தலையைத் திருப்பினாள். பெஞ்சின் கடைசியில், முந்தானையை வாயருகே பிடித்தபடி ஈஸ்வரனின் மனைவி கற்பகம் உட்கார்ந்திருந்தாள். ஓரகத்தியின் கண்ணைப் பார்த்துத் தலையை இடமும் வலமுமாக அசைத்தாள்.

“இருக்கா... ஆமா, இங்கதான் இருக்கா. நான் கையப் பிடிச்சு இழுத்துட்டு வரலப்பா. அஞ்சரைக்கெல்லாம் என் வீட்டு வாசல்ல வந்து நின்னா... ஒன்கூடப் பேச மாட்டாளாம்... அத அவகிட்டயே வீட்டுல கேளு. இரு... இரு ஈஸ்வரா, ஒரு நிமிசம். கதவத் தொறக்குறாக.”

எக்ஸ்ரே அறைக் கதவு திறந்தது. உள்ளே நொண்டி நொண்டிப் போன பானுப்பிரியாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பின்னாலேயே டாக்டரம்மா படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தபடி வந்தாள். இடது தொடை எலும்பின் கழுத்தில் ஒரு கோடு. மகாராணிக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தக் கோட்டை அவள் ஏற்கெனவே பார்த்திருக்கிறாள், தன்னுடைய படத்தில்.

“ஈஸ்வரா... பானுப்பிரியாவுக்கு எலும்பு விட்டிருக்கு... ஆமாய்யா, நெசமாத்தான். நாற்காலியில வச்சுத் தள்ளிட்டு வாராக... முந்தாநா மூட்டையத் தூக்கவிட்டேல்ல? நாப்பது கிலோ ஈரக்காய் மூட்டை. கால ஊன முடியல அண்ணேன்னு அந்தப் பிள்ள சொல்லுச்சா, இல்லையா? தூக்கலேன்னா நாளைக்கு ஜீப்புக்கு வராதன்னு சொன்னியா, இல்லையா?... இருக்கியா?... ஹலோ?... இருக்கேல்ல. பேசு.”

ஈஸ்வரன் தாழ்ந்த குரலில் என்னவோ சொல்ல ஆரம்பித்தான். கேட்கக் கேட்க மகாராணியின் முகம் சிவந்தது.

“என்ன சொன்ன? திருப்பிச் சொல்லு... வீட்டுல வழுக்கி விழுந்துட்டான்னு எழுதச் சொல்லணுமா?”

அந்த நேரம் பார்த்துத்தான் டாக்டரம்மா பானுப்பிரியாவிடம் குனிந்து கேட்டாள். “எங்கயாவது விழுந்தியாம்மா?” பானுப்பிரியா பயந்த கண்ணோடு மகாராணியின் கையிலிருந்த போனைப் பார்த்தாள். “வீட்டுல... வழுக்கி...” என்று இழுத்தாள்.

“விழுந்தேன்னா இந்த ஒரு காலோட போச்சு, வைத்தியம் ஒரு மாதிரி. விழலேன்னா எலும்பே மெலிஞ்சிருக்குன்னு அர்த்தம். இன்னொரு காலயும் பாக்கணும். நல்லா யோசிச்சுச் சொல்லு” என்றாள் டாக்டரம்மா.

மகாராணி எழுந்தாள். பெஞ்சைப் பிடிக்கவில்லை, தொடையில் கையை ஊன்றவில்லை, நேராக எழுந்தாள்.

“ஈஸ்வரா, வச்சிராத. நீயும் கேட்டுக்க... டாக்டரம்மா, அந்தப் பிள்ள விழுகல! பயத்துல பொய் சொல்லுது. ஏலத் தோட்டத்துல நாலு வருசமாக் காய் எடுக்குது, என்னைய மாதிரியே. மூணு மாசமாத் தொடை வலின்னு சொல்லிக்கிட்டு இருக்கு. முந்தாநா நாப்பது கிலோ மூட்டையத் தலையில வச்சு மேட்டுல ஏறுச்சு. அதுலேர்ந்து கால ஊனல. தூக்கச் சொன்னது எங்க கங்காணி. எங் கொழுந்தன்தான். இந்தா, போன்லதான் இருக்காரு, கேட்டுக்கிட்டு இருக்காரு. பேரு ஈஸ்வரன். எழுதுங்க.”

கண் டாக்டர் அறைப் பக்கம் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பானுப்பிரியா முகத்தைப் பொத்திக்கொண்டு, “விழுகல டாக்டரம்மா... விழுகல” என்று அழுதாள். நாற்காலி மறுபடியும் எக்ஸ்ரே அறைக்குள் போனது. மகாராணி போனைக் காதில் வைத்துக்கொண்டாள். குரலை இறக்கவில்லை.

“கேட்டுச்சா?... கேட்டுச்சான்னு கேக்குறேன்... ம்... என்னைய என்ன வேணாலும் சொல்லு, பொறுத்துக்குவேன். பொறுத்துத்தான் வந்தேன். ஒன் பேரக் காப்பாத்துறதுக்கு அந்தப் பிள்ளையோட இன்னொரு கால நான் தரமாட்டேன்... மானேஜர் ஒன்னைய நெருக்குறாருன்னு தெரியும்யா. எனக்குத் தெரியாதா? ஒன்னைய அவரு நெருக்குனா, நீ எங்கள நெருக்குவியா? எங்களுக்குக் கீழ யாரு இருக்கா, நாங்க நெருக்குறதுக்கு? எங்க எலும்புதான் இருக்கு.”

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. வலது காலிலும் இருந்தது, மயிரிழைபோல, இப்போதுதான் தொடங்கியிருந்த கோடு. காலைத் தரையில் ஊன்றவே கூடாது, படுக்கவைத்தபடியே தேனிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லி டாக்டரம்மா ஆம்புலன்சுக்கு ஆள் அனுப்பினாள். இடது காலுக்கு அங்கே ஸ்குரூ போடுவார்கள். வலதை இப்போதே கண்டுபிடித்ததால் மருந்திலும் ஓய்விலும் கூடிவிடும் என்றாள். இன்னும் ஒரு வாரம் மூட்டை தூக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவள் சொல்லவில்லை.

“ரெண்டு கால்லயும் இருக்கு ஈஸ்வரா... ஆமா. ரெண்டுலயும்... அழுவுறியா?... சரி, சரி... இல்லய்யா, கூடிரும்ங்குறாக. சின்ன வயசுதானே. நேரத்தோட பாத்தாச்சு... கைப்பிள்ள மாமியாகிட்ட இருக்கு, குரங்கணியில அவ ஆத்தாளுக்கும் சொல்லிவிட்டாச்சு. நீ போய் அவ புருசனைக் கூட்டிக்கிட்டுத் தேனிக்கு வெரசா போ. ஜீப்புதான் சும்மா நிக்கிதுல்ல... அதச் செய்யி முதல்ல.”

அவள் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். அவன் இன்னும் வைக்கவில்லை. காய் பழுத்து நிற்கிறதே, அவனுக்கும் வேறு வழியில்லை.

“நாளைக்கா?... நாளைக்குக் காய் எடுக்க ஆறு பேரு வருவாக. சுருளியம்மா ஆத்தா ஸ்டோருக்கு. ஒருத்தரும் மூட்டையத் தொட மாட்டாக, அதுக்கு ஆம்பளையாள வை. மத்தியானம் அரைமணி நேரம் வெயில்ல உக்காருவாக. மாசத்துக்கு ஒருநா ஆஸ்பத்திரி... இதுல கொறைக்கிறதுக்கு இது ஒண்ணும் ஏலக்கா பேரம் இல்ல... மானேஜர்கிட்ட நீ பேச முடியலேன்னா நம்பரக் குடு, நான் பேசுறேன். அவரு மலையாளத்துல திட்டுனாலும் எனக்கு வெளங்கும்... சரின்னு சொல்லு... கேக்கல. இரு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி வைக்கிறேன். இப்பச் சொல்லு.”

போனை நடுவில் நீட்டிப் பிடித்தாள். ஏழு தலைகள் அதன் மேல் கவிழ்ந்தன. சொன்னான். சுருளியம்மாள், “நல்லாருப்ப சாமி” என்று போனைப் பார்த்துக் கும்பிட்டாள். ஒரு வார்த்தை சொல்லிவிட்டதால் எல்லாம் நடந்துவிடும் என்று மகாராணி நம்பவில்லை. ஆனால் ஏழு பேர் காதில் விழுந்த வார்த்தை. அதைத் தின்றுவிட்டு அவன் அதே தெருவில் நடக்க வேண்டும்.

“ம், கேட்டுட்டாக... என்ன, மறுபடியும் கற்பகமா?... அவதான் பேச மாட்டேன்னு...”

சொல்லி முடிப்பதற்குள் கற்பகம் எழுந்து வந்து கையை நீட்டினாள். மகாராணி போனைக் கொடுத்தாள்.

“என்னங்க... ஆமா, நான்தான்... இல்ல... இல்லங்க, அக்கா சொல்லிக் குடுக்கல. பத்து வருசமா இடுப்பு வலிக்குது, இடுப்பு வலிக்குதுன்னு உங்ககிட்டதான் சொல்லிக்கிட்டு இருக்கேன். தைலம் தேய்யின்னீக. தேச்சேன். இன்னைக்கு டாக்டரம்மாகிட்ட சொல்லப் போறேன்... வர மாட்டேன். பாத்துட்டுத்தான் வருவேன். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னா எடுத்துட்டுத்தான் வருவேன்... சோறு பானையிலதான் இருக்கு, போட்டுத் தின்னுங்க... இந்தா, கற்பகம்னு கூப்பிடுறாக. என் பேருதான். வைங்க... நீங்க வைக்கலேன்னா நான் வைக்கிறேன்.”

கல்யாணமான நாளிலிருந்து அவன் பேசிக்கொண்டிருக்கும்போது கற்பகம் ஒருமுறைகூடப் போனை வைத்ததில்லை. சிவப்புப் பொத்தான் எங்கே என்று ஒரு நொடி தேடினாள். மகாராணி காட்டித் தரவில்லை. அவளாகவே கண்டுபிடித்து அழுத்தி, போனை ஓரகத்தியின் மடியில் போட்டுவிட்டு, சீட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.